ஹாலோபாடி கிடாருக்கு பிக்கப் மாத்தப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க சாமி!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. பாதி காரணம் சோம்பேறித்தனம். மீதி குற்ற உணர்ச்சி. அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "ஒரு பழைய ஹாலோபாடி வாங்கியிருக்கேன் தலைவா, 1970கள்ல செஞ்ச இஎஸ்-175. சவுண்டு மந்தமா இருக்கு. எந்த பிக்கப் போடலாம்?" கவனிச்சீங்களா? எந்த பிக்கப் போடலாம்னுதான் கேட்டார், போடணுமான்னு கேட்கவே இல்லை. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்துதோ, இருபது நிமிஷம் கத்தித் தீர்த்துட்டேன். பாவம், நல்ல மனுஷன், "சரிங்க... சரிங்க..."ன்னு கேட்டுக்கிட்டிருந்தார். அவர்கிட்ட கத்தினதைக் கொஞ்சம் நாகரிகமாக்கி இங்கே போடறேன்.

டிஸ்கி: கிடார்னாலே அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆகலாம். நீளமான பதிவு. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு உட்காருங்க.

தெரியாதவங்களுக்காக ஒரு பத்தி மட்டும். எலெக்ட்ரிக் கிடார்ல கம்பிக்குக் கீழே ஒரு டப்பா மாதிரி இருக்கே, அதுதான் பிக்கப். உள்ளே காந்தம். காந்தத்தைச் சுத்தி தலைமுடி கனத்துல செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் ஆடும், செப்புக் கம்பியில மின்சாரம் ஓடும், அது ஆம்ப்புக்குப் போகும். அவ்வளவுதான் சமாச்சாரம். ஹாலோபாடின்னா வயலின் மாதிரி உள்ளே வெறும் கூடு, மேலே எஃப் எழுத்து மாதிரி ரெண்டு ஓட்டை. 1958ல கிப்சன் கம்பெனி கொண்டுவந்த இஎஸ்-335ல கூட்டுக்கு நடுவுல நீளமா ஒரு மரக்கட்டை இருக்கும், அது செமி ஹாலோ. நான் இங்கே பேசறது நடுவுல கட்டை இல்லாத முழுக்கூட்டைப் பத்தி. இந்த வித்தியாசத்தை மறந்துட்டுத்தான் பாதிப் பேர் தப்பு பண்றாங்க.

இனி சண்டைக்கு வருவோம்.

கிடார்க்காரங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எனக்கும் இருந்தது, இப்பவும் முழுசா குணமாயிடுச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வாசிப்பு நல்லா வரலைன்னா கிடார் சரியில்லை. கிடார் சரியில்லைன்னா பிக்கப் சரியில்லை. புது கிடார் வாங்க வீட்டுல அனுமதி கிடைக்காது, ஆனா பிக்கப் சின்ன அட்டைப்பெட்டியில வரும், யாருக்கும் தெரியாம உள்ளே கொண்டு போயிடலாம். இந்த ஒரு காரணத்தாலேயே உலகத்துல பாதி பிக்கப் வித்துப் போகுதுன்னு நான் உறுதியா நம்பறேன். நானே ஒரே கிடாருக்கு வரிசையா மூணு ஜோடி வாங்கிப் போட்டவன். கடைசியில பிரச்சினை எதுல இருந்தது தெரியுமா? நான் உபயோகிச்ச ஆறு மீட்டர் கேபிள்ல. சிரிக்காதீங்க, கணக்கே காட்டறேன்.

சாதாரண கிடார் கேபிள் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் சேர்க்கும். பிக்கப்போட இண்டக்டன்ஸும் கேபிளோட கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு ரெசனன்ஸ் உண்டாகும். பிக்கப் எந்த இடத்துல 'பளிச்'னு கேட்கும், அதுக்கு மேலே எங்கே மழுங்கிப் போகும்னு தீர்மானிக்கறது அதுதான். பழைய கிப்சன் ரக ஹம்பக்கர் ஒண்ணு சுமார் 4 ஹென்றின்னு வச்சுக்குங்க. ஆறு மீட்டர் கேபிள்ல அந்தப் பளிச் சுமார் 3000 ஹெர்ட்ஸ்ல விழும். மூணு மீட்டர்ல சுமார் 4000. ஆயிரம் ஹெர்ட்ஸ் வித்தியாசம்! இதுக்கு நான் செலவு பண்ணியிருக்க வேண்டியது ஒரு சின்ன கேபிளோட விலை. பண்ணினது மூணு ஜோடி பிக்கப்போட விலை. வீட்டம்மா இதைப் படிக்க மாட்டாங்கன்ற தைரியத்துல எழுதறேன்.

அடுத்தது இந்த "எத்தனை கே?" பைத்தியம். பிக்கப் விக்கிறவங்க எல்லாரும் ஒரு எண்ணை பெருசா போடுவாங்க: 7.5 கே, 8.2 கே, 13 கே. செப்புக் கம்பியோட டிசி ரெசிஸ்டன்ஸ், கிலோ ஓம் கணக்குல. நம்மாளுங்க அதைப் பார்த்துட்டு ஏதோ மோட்டார் குதிரைத்திறன் மாதிரி, எண் கூடுனா பவர் கூடும்னு நினைச்சுக்கறாங்க. ஐயா, கம்பி மெலிசா இருந்தா அதே சுத்துக்கே ரெசிஸ்டன்ஸ் கூடும். சுத்து கூடினாலும் கூடும். காந்தம் என்ன, காயில் எவ்வளவு அகலம், உள்ளே எவ்வளவு இரும்பு இருக்குன்னு எதையும் அந்த எண் சொல்லாது. கிரெட்ச் கிடார்ல வர்ற ஃபில்டர்ட்ரான் பிக்கப்பை மீட்டர் வச்சுப் பாருங்க, 4, 5 கிலோ ஓம்தான் காட்டும். இந்த எண் வேதவாக்குன்னா அது ஊமையா இருக்கணும். பிரையன் செட்ஸர் அதை வச்சுக்கிட்டுத்தான் ஒரு முழு பிக் பேண்டுக்கு முன்னாடி நின்னு வாசிச்சார்.

இன்னொரு வேடிக்கை. செப்போட ரெசிஸ்டன்ஸ் சூட்டோட ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம். 20 டிகிரியில 8.0 கே காட்டற பிக்கப், 30 டிகிரியில 8.3 கே காட்டும். அப்ப மே மாச மெட்ராஸ்ல எல்லா பிக்கப்பும் 'ஹாட்' பிக்கப் ஆயிடுமா? மின்விசிறியைப் போட்டா மறுபடியும் 'விண்டேஜ்' ஆயிடுமா? :-)

அப்புறம் பி.ஏ.எஃப். கும்பல். இவங்களைப் பத்தி எழுதினா ஆட்டோ வரும்னு தெரியும், பரவாயில்லை.

கதை இதுதான். கலமசூ ஊர்ல இருந்த கிப்சன் தொழிற்சாலையில சேத் லவர்னு ஒரு இன்ஜினியர். ஒத்தைக் காயில் பிக்கப் எல்லாம் கரண்டு கம்பியோட 'ம்ம்ம்' சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்குதே, அதை எப்படி நிறுத்தறதுன்னு யோசிச்சார். ரெண்டு காயிலை எதிரெதிரா வச்சா கம்பியோட சத்தம் கூடும், கரண்டோட சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும். 1955ல காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டாங்க, கிடைச்சது 1959ல. நடுவுல செஞ்ச பிக்கப்புக்கு அடியில 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது'ன்னு ஒரு ஸ்டிக்கர். அந்த ஆங்கில வாசகத்தோட முதலெழுத்துதான் பி.ஏ.எஃப். காப்புரிமை கிடைச்ச பின்னாடி ஸ்டிக்கர்ல ஒரு எண் போட்டாங்க பாருங்க, அது பிக்கப்போட எண்ணே இல்லை. லெஸ் பால் வாங்கியிருந்த ஒரு கம்பிப் பிடிப்பானோட எண்! சரி, அது போகட்டும்.

இன்னைக்கு அசல் பி.ஏ.எஃப். ஒண்ணு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகுது. அந்தப் பேரைச் சொல்லி நகல் விக்கிறவங்க கணக்கில்லை. ஆனா அந்தக் காலத்துல சுத்து எண்ணிக்கையே பிக்கப்புக்குப் பிக்கப் மாறும். காந்தமும் அல்நிக்கோ 2, 3, 4, 5னு ஸ்டோர்ல எது கிடைச்சுதோ அது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அப்புறம் என்னய்யா 'அசல் பி.ஏ.எஃப். சவுண்டு'? எந்த பி.ஏ.எஃப்.? என் பாட்டி ரசம் எந்த நாள் ரசம்னு கேட்கற மாதிரி இருக்கு.

ஒண்ணு ஒத்துக்கறேன். அந்தப் பழைய ரகத்தோட பொதுவான குணம், அதாவது கம்மியான சுத்து, மிதமான காந்தம், அது முழுக்கூடு கிடாருக்கு நல்லாவே ஒத்துப் போகும். அதுக்குப் பழைய ஸ்டிக்கர் வேணாம். சேத் லவரே சீமோர் டங்கனோட சேர்ந்து செஞ்ச பிக்கப் அவர் பேர்லேயே கிடைக்குது. கிப்சனோட '57 கிளாசிக் இருக்கு. அதுல ஏதாவது ஒண்ணு போதும்.

இதுக்கு நேர் எதிர்க் கட்சி, 'ஹாட்' பிக்கப் கட்சி. 1970களோட ஆரம்பத்துல டிமார்ஸியோ சூப்பர் டிஸ்டார்ஷன்னு ஒண்ணு வந்தது. செராமிக் காந்தம், சுமார் 13 கே. கட்டையான லெஸ் பால் கிடார்ல போட்டு மார்ஷல் ஆம்ப்பைக் கதற விடறதுக்கு அருமையான சாமான், அதுல எனக்கு ஒரு தகராறும் இல்லை. ஆனா அதே ரகத்தை எடுத்து இஎஸ்-175ல போடறாங்க பாருங்க! அந்தக் கூடு குடுக்கற முதல் 'டொக்', அதுக்குப் பின்னாடி சட்டுனு அடங்கற விதம், விரல் அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் ஏறி இறங்கறது... இதுக்காகத்தானே ஹாலோபாடி வாங்கறோம்? ஹாட் பிக்கப் இது எல்லாத்தையும் ஒரே மாவா அரைச்சுடும். மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்து அதுமேல சென்ட் அடிக்கற வேலை.

இதுல பெரிய கொடுமை, ஃபீட்பேக்கை நிறுத்தறதுக்காக பிக்கப் மாத்தறது. மேடையில ஆம்ப்பைக் கொஞ்சம் கூட்டினா ஹாலோபாடி 'ஊஊஊ'ன்னு ஊளையிடும். உடனே, "மெழுகு ஊத்தின பிக்கப் போடு, சரியாயிடும்"னு ஒரு வைத்தியர் வருவார். மெழுகு ஊத்தறது எதுக்கு? பிக்கப்புக்குள்ளே கம்பிச் சுத்தோ மேல்மூடியோ தளர்ந்து அதிர்ந்தா 'கீஈஈச்'னு உச்ச ஸ்தாயியில ஒரு கத்தல் வரும், அதை அடக்கறதுக்கு. ஊளைங்கறது வேற ஜாதி. ஆம்ப்ல இருந்து வர்ற சத்தம் கிடாரோட மேல்பலகையை ஆட்டுது, பலகை கம்பியை ஆட்டுது, கம்பி திரும்ப பிக்கப்பை ஆட்டுது. பிக்கப்பை என்ன பண்ணினாலும் பலகை பலகைதான். பி.பி. கிங் இதுக்கு எஃப் ஓட்டைக்குள்ளே துணியைத் திணிச்சுக்கிட்டு வாசிச்சவர். 1980ல கிப்சன் அவர் பேர்ல 'லூசில்' கிடார் கொண்டுவந்தப்ப எஃப் ஓட்டையே இல்லாம செஞ்சாங்க. அதுவும் நடுவுல கட்டை இருக்கற செமி ஹாலோ! பி.பி. கிங்குக்கே துணிதான் மருந்துன்னா, உங்களுக்கும் எனக்கும் ஸ்பாஞ்சு துண்டு போதும். ஆம்ப்புக்கு நேர் எதிர்ல நிக்காம பக்கவாட்டுல தள்ளி நில்லுங்க. இதுக்குக் காசே வேணாம்.

இப்ப அந்தக் குற்ற உணர்ச்சிக் கதை.

பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். இங்கே அமெரிக்காவுல என்கூட வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருத்தர். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிப்பார். அவர் கையில இருந்தது அவங்க அப்பாவோட கிடார், 1950கள்ல புரூக்ளின்ல செஞ்ச கிரெட்ச், ரெண்டு டைனாசானிக் பிக்கப்போட. டைனாசானிக்னா ஓஹாயோ மாநிலம் டொலிடோவில ரோ இண்டஸ்ட்ரீஸ் செஞ்சு குடுத்த டிஆர்மண்ட் பிக்கப். கிரெட்ச்காரங்க வச்ச பேர் அது. ஒத்தைக் காயில்தான். ஒவ்வொரு கம்பிக்கும் தனி காந்தம், ஒவ்வொண்ணையும் திருகு வச்சு மேலே கீழே ஏத்தி இறக்கலாம். டுவேன் எட்டியோட அந்த கனத்த 'ட்வாங்' இருக்கே, 1958ல வந்த 'ரெபெல் ரவுசர்'ல கேட்கறது, அதெல்லாம் இந்த பிக்கப்தான்.

நியாயமா ஒண்ணைச் சொல்லிடணும். எல்லாருக்கும் இது பிடிச்சதுன்னு இல்லை. கிரெட்ச் கிடாருக்கு முகமா இருந்த செட் அட்கின்ஸுக்கே பிடிக்கலை. காந்தம் ரொம்ப பலமா கம்பியை இழுக்குதுன்னு குறை. அப்புறம்தான் ரே பட்ஸ்ங்கறவர் அவருக்காக ஃபில்டர்ட்ரானைச் செஞ்சு, 1950களோட கடைசியில கிரெட்ச்ல அது வந்தது. இந்த ரே பட்ஸ்தான் உள்ளேயே டேப் எக்கோ வச்ச எக்கோசானிக் ஆம்ப்பையும் செஞ்சவர். சேத் லவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், ரெண்டு பேரும் தனித்தனியா கிட்டத்தட்ட ஒரே சமயத்துல ஹம்பக்கிங்கைக் கண்டுபிடிச்சாங்க. தனியா ஒரு பதிவே போடலாம் அந்த மனுஷனைப் பத்தி.

விஷயத்துக்கு வர்றேன். நம்ம சர்ச் நண்பருக்கு இரைச்சல் பிரச்சினை. விளக்கை டிம்மர்ல குறைச்சா கிடார் கத்துது, பாட்டு நடுவுல ஜனங்க திரும்பிப் பார்க்கறாங்க. என்கிட்ட கேட்டார். அப்போ நான் மூணு ஜோடி பிக்கப் மாத்தின பெரிய மேதாவி இல்லையா? ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. "ஒத்தைக் காயில்னா அப்படித்தான் இருக்கும். ஹம்பக்கர் போடு, ஓடியே போயிடும்"னேன்.

அவர் என் பேச்சை நம்பி ஒரு கடையில குடுத்தார். கடைக்காரங்க சாதாரண அளவு ஹம்பக்கர் உட்காரணும்னு மேல்பலகை ஓட்டையை ரெண்டு இடத்துலயும் அகலப்படுத்தினாங்க. உள்ளே பலகையைத் தாங்கற பிரேஸ் கட்டையிலயும் கொஞ்சம் செதுக்கினாங்க. வேலை சுத்தமாத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வீட்டுக்குக் கூப்பிட்டார். ஆம்ப்பைப் போட்டார். 'ஸ்ஸ்ர்ர்ர்...'

இரைச்சல் அப்படியே இருந்தது!

அப்பத்தான் நான் முதல் தடவையா மூளையை உபயோகிச்சேன். கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையணும். குறையலை. கேபிள் முனையோட உலோகத்தைத் தொட்டா குறையுது. அப்படின்னா கம்பிக்குப் போற கிரவுண்டு விட்டிருக்கு. ஹாலோபாடியில டெயில்பீஸ்னு கம்பியோட வால் பக்கத்தைப் பிடிக்கிற உலோகத் தகடு இருக்கு. அதுக்கு உள்ளேயிருந்து ஒரு மெல்லிசு வயர் வரும். அது வழியாத்தான் கம்பியெல்லாம் கிரவுண்டு ஆகும். டெயில்பீஸைக் கழட்டிப் பார்த்தா, வயர் அறுந்து பச்சை பிடிச்சுப் போய் சும்மா ஒட்டிக்கிட்டிருந்தது. நுனியைச் சுரண்டி, மடக்கி, மறுபடி தகட்டுக்கு அடியில வச்சு ஸ்க்ரூவை முறுக்கினேன். பத்து நிமிஷ வேலை. இரைச்சல் போயிடுச்சு.

காந்தப்புலத்துல இருந்து வர்ற 'ம்ம்ம்' வேற, இந்த 'ஸ்ஸ்ர்ர்' வேற. முதலாவதைத்தான் ஹம்பக்கர் அடிக்கும். ரெண்டாவது கிரவுண்டும் ஷீல்டும் சம்பந்தப்பட்டது, அதுக்கு எந்த பிக்கப் போட்டாலும் ஒண்ணுதான். சர்ச்சுல இருந்தது பெரும்பாலும் ரெண்டாவது. இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்துல தெரியும். காதால கேட்டு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும்னு தோணலை. போய் அந்தக் கிடாரைக் கையில வாங்கி, கம்பியைத் தொட்டுப் பார்க்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அவர் என்னைத் திட்டலை. "அப்பா இருந்தா திட்டியிருப்பார்"னு மட்டும் சொன்னார். பழைய டைனாசானிக் ரெண்டையும் கடைக்காரங்க ஒரு பையில போட்டுத் திருப்பிக் குடுத்திருந்தாங்க. அதை மேஜை மேல எடுத்து வச்சு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டிருந்தோம்.

இதனாலதான் சொல்றேன், "பிடிக்கலைன்னா திருப்பிப் போட்டுக்கலாமே"ன்ற பேச்சு ஹாலோபாடியில எல்லா நேரமும் செல்லாது. பிக்கப் திரும்ப வரும். வெட்டின மரம் வராது. ஸ்ட்ராடோகாஸ்டர்ல உள்ளே நீங்க எவ்வளவு குடைஞ்சாலும் பிளாஸ்டிக் தகடு மூடிடும். அது கட்டை, தாங்கும். இங்கே மேல்பலகை அஞ்சாறு மி.மீ. இருந்தாலே அதிகம். அதுதான் சத்தம், அதுதான் கம்பியோட இழுவையைத் தாங்கற கூரை. கூரையில ஓட்டையைப் பெருசு பண்ணிட்டு விளக்கு மாத்தினேன்னு சொல்லிக்கறோம்.

"என் கிடார், என் இஷ்டம்"னு ஒரு வாதம் வரும். வரட்டும். நேத்து தொழிற்சாலையில இருந்து வந்த லேமினேட் கிடார்னா தாராளமா குடைஞ்சுக்குங்க, நான் திருப்புளி எடுத்துக் குடுக்கறேன். அறுபது வருஷமா ஒருத்தரும் வெட்டாம நம்ம கைக்கு வந்து சேர்ந்த சாமானை, ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோணின யோசனைக்காக வெட்டற இஷ்டம் மட்டும் எனக்குப் புரியலை. சரியான யோசனையா இருந்தாலும் பரவாயில்லை. என்னோடது தப்பான யோசனை.

அப்ப என்னதான் பண்ணச் சொல்றேன்? திருப்புளியை எடுங்க. பிக்கப் உயரத்தைச் சரி பண்ணுங்க. கடைசி ஃபிரெட்டுல கம்பியை அழுத்திக்கிட்டு அளந்தா, கிப்சன் சொல்ற கணக்கு நெக் பக்கம் சுமார் 2.4 மி.மீ., பிரிட்ஜ் பக்கம் 1.6 மி.மீ. ஹாலோபாடியில நெக் பிக்கப்பை அதைவிடவும் இறக்கிப் பாருங்கன்னு நான் சொல்வேன். மொத்தமா 'குப்'புன்னு இருந்த சத்தம் திடீர்னு மூச்சு விடும். சிலர் பிக்கப்பைக் கம்பியோட ஒட்டி ஏத்தி வச்சுக்கிட்டு, "பூமி பூமின்னு அடிக்குது, வேற பிக்கப் சொல்லு"ங்கறாங்க. அடப்பாவிங்களா! அப்புறம் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே இருக்கற ஸ்க்ரூ. மூணாவது கம்பி மேலே சுத்து இல்லாத வெறும் கம்பின்னா அது தனியா துருத்திக்கிட்டுக் கேட்கும், அந்த ஸ்க்ரூவை இறக்குங்க.

கம்பியைப் பத்தி ஒண்ணு. ஹாலோபாடி பார்க்க அகூஸ்டிக் மாதிரி இருக்கேன்னு ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் கம்பி மாட்டறவங்களைப் பார்த்திருக்கேன். பிரான்ஸ் சுத்தைக் காந்த பிக்கப் சரியாக் கண்டுக்காது, உள்ளே இருக்கற இரும்பு மட்டும்தான் அதுக்குத் தெரியும். தடிச்ச கம்பியெல்லாம் மெலிஞ்சு கேட்கும். நிக்கல் சுத்தின கம்பி போடுங்க. ஜாஸ்னா ஃப்ளாட்வவுண்டு. வெஸ் மான்ட்கோமரியோட அந்த வெண்ணெய் மாதிரி சவுண்டுல எல்-5 கிடாருக்கு எவ்வளவு பங்கோ, கட்டை விரலுக்கும் கம்பிக்கும் அதைவிடப் பெரிய பங்கு உண்டு. கட்டை விரலை எந்தக் கடையிலும் விக்கறதில்லை.

அதுக்கப்புறம் பாட், அதாவது வால்யூம், டோன் குமிழுக்கு அடியில இருக்கற பொட்டென்ஷியோமீட்டர். 500 கே இருக்க வேண்டிய ஹம்பக்கர் கிடார்ல 250 கே இருந்தா பளிச்சு மழுங்கிடும். 1970கள்ல கிப்சனே பல கிடார்ல 300 கே வால்யூமும் 100 கே டோனும் போட்டு அனுப்பினாங்க. "அந்தக் காலத்து கிப்சன் பிக்கப்பே மோசம்"னு அடிபட்ட பேர்ல எத்தனை பங்கு இந்தப் பாட்டோடதுன்னு யார் கணக்குப் பார்த்தாங்க? பாட் ஒண்ணு சில டாலர்தான்.

ஆனா ஹாலோபாடியில பாட் மாத்தறது ஒரு தவம், அதையும் மறைக்காம சொல்லிடறேன். பின்னாடி மூடி கிடையாது. எல்லாத்தையும் எஃப் ஓட்டை வழியாவோ பிக்கப் ஓட்டை வழியாவோதான் வெளியே இழுக்கணும், திரும்ப உள்ளே விடணும். கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாட்டோட தண்டுலயும் ஒரு நூலைக் கட்டிடுங்க. திரும்பப் போடும்போது நூலை வெளியேருந்து இழுத்தா தண்டு தானா தன்னோட ஓட்டைக்கு வந்து சேரும். மீன்தொட்டி ரப்பர் குழாய்த் துண்டைத் தண்டுல மாட்டி இழுக்கறதும் நல்லா வேலை செய்யும். ஊசியில நூல் கோக்கற பொறுமை வேணும். கெட்ட வார்த்தை எல்லாம் தாய்மொழியில தானா வரும்.

இத்தனையும் பண்ணின பிறகும் பிடிக்கலையா? அப்ப மாத்துங்க, நான் குறுக்கே நிக்கலை. மலிவு ஹாலோபாடியில வர்ற சில பிக்கப் நிஜமாவே சேறு மாதிரி இருக்கும், அதை வச்சுக்கிட்டுத் தவம் பண்ணச் சொல்ல மாட்டேன். ஆனா இருக்கற ஓட்டைக்கு ஏத்த பிக்கப்பைத் தேடுங்க. ஹம்பக்கர் ஓட்டை இருந்து பி-90 சவுண்டு வேணும்னா, ஹம்பக்கர் அளவுலேயே பி-90 ரகம் கிடைக்குது, சீமோர் டங்கனோட ஃபேட் கேட் மாதிரி. ஸ்காட்டி மூர் 1954ல எல்விஸுக்குப் பின்னாடி வாசிச்சது இஎஸ்-295ல, அதுல பி-90தான். முழுக்கூட்டுல எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்பப் பிடிச்சது அதுதான். ஹம்பக்கரைவிட கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் திமிர். இரைச்சல் உண்டு, பொறுத்துக்கணும். கிரெட்ச் சவுண்டு வேணும்னா டிவி ஜோன்ஸ் ஃபில்டர்ட்ரான் ரகத்தைச் சாதாரண ஹம்பக்கர் அளவு மூடியிலயும் தர்றாங்க. பலகையைத் தொடவே வேணாம்.

ஓட்டையே இல்லாத பழைய அகூஸ்டிக் ஆர்ச்டாப் வச்சிருக்கீங்களா? அதுல ஓட்டை போடணும்னு கனவுல கூட நினைக்காதீங்க. கழுத்து முனையிலயோ பிக்கார்டுலயோ தொங்கற ஃப்ளோட்டிங் பிக்கப் இருக்கு. டிஆர்மண்ட் ஒரு கம்பித்தண்டுல நகர்த்தற மாதிரி செஞ்சது ரொம்பப் பழைய சமாச்சாரம். 1961ல வந்த கிப்சன் ஜானி ஸ்மித் மாடல்லயும் மினி ஹம்பக்கர் பலகையைத் தொடாமதான் மிதக்குது. ஸ்க்ரூவைக் கழட்டினா கிடார் பழையபடி கிடார்.

போன்ல இதையெல்லாம் மூச்சு விடாம சொல்லி முடிச்சதும் நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரிங்க, பாட் என்ன வேல்யூன்னு கழட்டாம எப்படிப் பார்க்கறது?" நல்ல கேள்வி. பல் டாக்டர் உபயோகிக்கற சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எஃப் ஓட்டை வழியா விட்டா, பாட்டோட முதுகுல அச்சடிச்ச எண் தெரியும். அதுல 137ன்னு ஆரம்பிக்கற தொடர் இருந்தா அது சிடிஎஸ் கம்பெனி பாட், அதுக்கப்புறம் வர்ற இலக்கங்கள் வருஷமும் வாரமும். வேல்யூவும் பக்கத்துல இருந்தாலும் இருக்கும், இல்லைன்னா மல்ட்டிமீட்டர்தான்.

நேத்து ராத்திரி போட்டோ அனுப்பியிருக்கார். கண்ணாடியில தலைகீழா 137, அதுக்கப்புறம் 74ஆம் வருஷம். அதே வருஷத்துப் பாட்டுதான், ஒரிஜினல். பிக்கப்பைத் தூக்கி, டோன் பாட் வயரை ஒரு பக்கம் விடுவிச்சு மீட்டர் வச்சிருக்கார், 96 கே காட்டுச்சாம். பிக்கப் ஆர்டர் பண்ணலை. நூல்கண்டு வாங்கிட்டு வந்திருக்காராம். சனிக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருக்கார், டார்ச் பிடிக்க.